இலக்கியாவின் எடைமேடை

ஒன்பது செகண்டில் ஒரு லாரி கல்வராயன் மலையிலிருந்து இறங்கி மில் வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதுவும் நாலு டன் மரவள்ளிக் கிழங்கோடு. சொன்னால் யார் நம்புவார்கள்? விளையாடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர்கூட நம்பவில்லை. நம்பியது இலக்கியாவின் சர்வர் ஒன்றுதான். நம்பியதோடு நிற்காமல், "முதலிடம்: மின்னல்99" என்று பெரிய எழுத்தில் வாழ்த்துச் சொல்லி, பட்டாசு வெடிக்கிற படமும் போட்டது.

போன வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று நடந்த கூத்து இது. 'மலைலோடு' என்பது செல்போனில் ஆடும் விளையாட்டு. வெள்ளிமலையில் கிழங்கு ஏற்றிய லாரியை வளைவு வளைவாக இறக்கி, கோமுகி அணையைத் தாண்டி, சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கிழங்கு சிந்தக் கூடாது, வண்டி கவிழக் கூடாது. எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் ஓட்டினாலும் ஆறு நிமிஷத்துக்கு முன்னே பின்னேதான் ஆகும். யார் சீக்கிரம் வருகிறார்களோ அவர் பெயர் பட்டியலில் மேலே நிற்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடிப் பதினெட்டு அன்று, காலை பத்து மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை பெரிய பந்தயம். பரிசு என்று எதுவும் கிடையாது, பெயர் மட்டும்தான். அந்தப் பெயருக்குத்தான் அத்தனை பேரும் அடித்துக்கொள்வார்கள்.

மின்னல்99-க்குக் கீழே பதினோரு செகண்ட், அதற்குக் கீழே பதினான்கு செகண்ட் என்று முதல் நாற்பது இடமும் திருட்டு. சங்கராபுரத்துப் பெண் ஒருத்தி, இசைவாணி என்று பெயர், நேர்மையாக ஓட்டி ஐந்து நிமிஷம் ஐம்பத்தெட்டு செகண்டில் வந்தவள், நாற்பத்தோராவது இடத்தில் கிடந்தாள். "இது லாரியா ராக்கெட்டா?" என்று ஒருவன் எழுதினான். "டிரைவர் வண்டிய எறக்கல, மலையே வூட்டாண்ட வந்துடுச்சு" என்று இன்னொருவன்.

இலக்கியா அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் வரை அந்தப் பட்டியலையே வெறித்துக்கொண்டிருந்துவிட்டு, கூட வேலை பார்க்கும் சந்தியாவிடம் சொன்னாள்.

"அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு இந்தப் பட்டியல்ல ஒரே ஒரு திருட்டு ஓட்டம் இருந்தாகூட, மலைலோட என் கையால அழிச்சுடுவேன் டி. எல்லாரையும் கூப்ட்டு உக்கார வச்சு இன்னொரு தடவ ஏமாத்த மாட்டேன்."

"ரெண்டு வருசம் ஒழைச்சிருக்கோம். அழிச்சுட்டு இன்னா பண்ணுவ?"

"எடமேடைக்கே போறேன்."

வாய்ச்சவடால் இல்லை. இலக்கியா சொன்னால் செய்கிறவள். அதனால்தான் சந்தியாவுக்குப் பயம்.

எடைமேடையிலிருந்து வந்தவள்தான் அவள். நைனார்பாளையத்தில் குத்தகை நிலத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற தனசேகரனின் மகள். கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போய் கம்ப்யூட்டர் படித்தாள். படித்து முடித்ததும் வேலை வாசலில் வந்து நிற்குமா என்ன? மெயின் ரோட்டு எடைமேடையில் சீட்டுப் போட ஆள் வேண்டும் என்றார்கள், போய் உட்கார்ந்தாள். மூன்று வருஷம் ஓடிற்று. லாரி மேடை மேல் ஏறும், எடை விழும், சீட்டு அச்சாகும். ஜன்னலில் தலையை நீட்டி, "சரி, வண்டிய எடு" என்பாள். ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது சொல்லியிருப்பாள்.

எடைமேடையைச் சாதாரண இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே மூன்று வருஷம் உட்கார்ந்தால் மனுஷன் பண்ணுகிற அத்தனை தில்லுமுல்லும் அத்துப்படியாகிவிடும். லோடோடு ஏறும்போது டிரைவர், கிளீனர், லோடுமேன் நாலு பேர் என்று கேபினில் அடைத்துக்கொண்டு ஏறுவான். கிழங்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியை எடை போடும்போது டிரைவர் மட்டும் வருவான். நடுவில் காணாமல் போன ஐந்து பேரின் எடையும் கிழங்குக் கணக்கில் சேர்ந்துவிடும். இன்னொருவன் காலி வண்டியின் பின்சக்கரத்தை ஒரு முழம் மேடைக்கு வெளியே விட்டு நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பீடி பற்றவைப்பான்.

இலக்கியா ஒவ்வொரு வண்டிக்கும் இறங்கி வருவாள். ஒரு சுற்று சுற்றி, சக்கரம் பார்த்து, கேபினில் தலைகளை எண்ணிவிட்டுத்தான் பட்டனைத் தட்டுவாள். "வேற மேடையில போட்ட சீட்டு இருக்குது மா, அதையே வச்சுக்கோயேன்" என்று யாராவது நீட்டினால், "அத வூட்ல மாட்டி வச்சுக்கோங்க. இங்க என் மேடையில ஏத்துங்க" என்பாள். அவளிடம் யார் வாலும் ஆடவில்லை.

வண்டி வராத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் வீடியோ பார்த்து, விளையாட்டு செய்யக் கற்றுக்கொண்டாள். சந்தியா அவளோடு கல்லூரியில் படித்தவள், படம் வரைவாள். இருவரும் பஸ் ஏறி வெள்ளிமலை வரை போய், ஒவ்வொரு வளைவையும் போட்டோ எடுத்துவந்து அப்படியே விளையாட்டில் வைத்தார்கள். புளியமரம், மைல்கல், ஆறாவது வளைவில் வெள்ளையடித்த சின்ன முனியப்பன் கோயில், எல்லாம் அச்சு அசலாக இருக்கும். இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு மலைலோடு என்றால் உயிர். வேலையை விட்டு, கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு செல்போன் கடை மாடியில் அறை எடுத்து, இரண்டு பேரும் முழுநேரமாக இறங்கினார்கள். அப்போதுதான் மின்னல்99 வந்து சேர்ந்தான்.

அவன் எப்படித் திருடினான்? விளையாட்டு முழுதும் ஆடுகிறவனுடைய போனுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவன் அதைத் தையல் தையலாகப் பிரித்தான். நேரத்தை எங்கே எண்ணுகிறது, வேகம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பிடித்தான். எண்ணை மாற்றினான். மறுபடி தைத்து, "மலைலோடு மின்னல் எடிஷன், இலவசம்" என்று ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

இலக்கியா பூட்டுப் போட்டாள். உள்ளே இருந்த பெயர்களையெல்லாம் யார் படித்தாலும் புரியாதபடி கலைத்துப்போட்டாள். எண்களை ஒளித்துவைத்தாள். பிரித்துத் தைத்த பிரதியாக இருந்தால் திறக்கவே திறக்காதபடி ஒரு சோதனை வைத்தாள். இத்தனையும் செய்ய ஒரு மாதம் ஆயிற்று. மின்னல்99 மூன்றே நாளில் அத்தனையையும் கழற்றிவிட்டு, விளையாட்டு வழியாகவே அவளுக்குச் செய்தி அனுப்பினான்: "அக்கா, நீங்க பூட்டிக்கினே இருங்க. நான் தொறந்துக்கினே இருக்கேன். நல்லா பொழுது போவுது."

"அவனுக்குப் பொழுது போவுதாம்! கட்டையில போறவன்!" என்று சந்தியா கொதித்தாள்.

"நம்ம பண்டத்த அவன் வூட்ல கொண்டுபோய் வச்சுட்டு, தொறக்காதடான்னா தொறக்காம இருப்பானா?" என்றாள் இலக்கியா. தெரிந்தும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது பூட்டு, மூன்றாவது பூட்டு என்று போட்டுக்கொண்டே இருந்தாள். தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. மின்னல் கூட்டமும் உஷாராகிவிட்டது. ஒன்பது செகண்ட் என்று அசட்டுத்தனமாகப் போடாமல், ஐந்து நிமிஷம் ஐம்பது செகண்ட் என்று பார்த்தால் நம்புகிற மாதிரி எண்ணைப் போட ஆரம்பித்தது. எது நிஜம், எது திருட்டு என்று தெரியாமல் நல்லவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தினம் பதினோராயிரம் பேர் ஆடிய விளையாட்டில் சித்திரை பிறந்தபோது நாலாயிரம் பேர்தான் மிச்சம்.

சித்திரையில் ஒரு நாள், திருட்டுப் பிரதியை இலக்கியாவே ஒரு போனில் ஏற்றி ஆடிப் பார்த்தாள். எண்ணை மாற்ற வேண்டுமானால் நடுவழியில் வண்டியை நிறுத்தி, மின்னல்99 வைத்திருக்கும் ஒரு ரகசியப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. அதற்குள் வண்டி இரண்டு மூன்று செகண்ட் அசையாமல் நிற்கும். "மாட்டினடா மவனே!" என்று நாற்காலியிலிருந்து துள்ளினாள். வண்டி எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்பது சர்வருக்கு வரும் தகவலில் இருக்கிறதே! ஒவ்வொரு ஓட்டத்திலும் நடுவழியில் நிற்பவர்கள் யார் யார் என்று எடுத்தாள். இருநூற்றுப் பதின்மூன்று பேர் வந்தார்கள். யோசிக்கவில்லை. "திருட்டு ஆட்டம் ஆடியதால் நீக்கப்பட்டீர்கள்" என்று ஒரே தட்டில் அத்தனை பேரையும் வெளியே தள்ளிவிட்டாள்.

கெஞ்சியும் திட்டியும் செய்திகள் வந்து குவிந்தன. "திருடனும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவான்" என்று ஒன்றுக்கும் பதில் போடவில்லை. மூன்று நாள் நிம்மதியாக இருந்தாள்.

நாலாவது நாள் காலை பதினோரு மணிக்கு ஒருவன் படியேறி வந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். காக்கிச் சட்டை, தோளில் துண்டு, கையில் கண்ணாடி விரிசல் விட்ட போன்.

"மலைலோடு ஆபீசு இதானுங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"பாவாடை. கச்சிராயபாளையம். பத்து வருசமா மலையிலேர்ந்து கெழங்கு லோடு அடிச்சுக்கினு இருக்கேன். என்ன திருடன்னு எழுதிட்டீங்க."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் இலக்கியாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். போனில் வந்திருந்த அந்த வாசகத்தை அவள் முகத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றான்.

"ஆட்டத்துல இன்னா பேர் வச்சிருக்கீங்க?"

"பாவாடைதான். சொந்தப் பேர வுட்டுட்டு வேற பேர்ல எதுக்கு ஆடப்போறேன்?"

தேடி எடுத்தாள். முந்நூற்று நாற்பது ஓட்டம். "அண்ணா, நீங்களே பாருங்க. முந்நூத்தி நாப்பது ஓட்டத்துலயும் நடுவுல வண்டிய நிறுத்தியிருக்கீங்க. ஒவ்வொண்ணுலயும் மூணு செகண்டு. பந்தயத்துல ஓட்றவன் எதுக்கு ண்ணா நிறுத்துவான்?"

"எங்க நிறுத்துனேன்?"

"ஆறாவது வளைவு."

பாவாடை அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஆறாவது வளைவுல முனியப்பன் கீறாரு. ஏம்மா, கோயில நீங்கதான வச்சீங்க?"

சந்தியா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"லோடோட எறக்கத்துல வர எந்த வண்டியும் அங்க நிக்கும்" என்றான் பாவாடை. "டிரைவர் எறங்கி, சக்கரத்தாண்ட கைய வச்சு பிரேக் டிரம்மு சூடு பாப்பான். ஜாஸ்தியா இருந்தா ஆறவுட்டு எடுப்பான், கம்மியா இருந்தா துன்னூறு பூசிக்கினு கெளம்புவான். நிக்காம போன ஒருத்தன் எட்டாவது வளைவுல பள்ளத்துல கெடந்தான். தூக்கப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். உங்க ஆட்டத்துல சூடும் கெடையாது ஒண்ணும் கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அந்தக் கோயிலப் பாத்தா கை தானா பிரேக்க அமுக்குது. நான் இன்னா பண்றது?"

இலக்கியா இருநூற்றுப் பதின்மூன்று பேரின் பட்டியலை மறுபடி திறந்தாள். எங்கே நின்றார்கள் என்று முதல் தடவையாகப் பார்த்தாள். நூற்று எழுபத்தாறு பேர் ஆறாவது வளைவு. கச்சிராயபாளையம், கல்லாநத்தம், சங்கராபுரம், கருமந்துறை. லாரி ஓட்டுகிறவன், பிக்கப் ஓட்டுகிறவன், வாரத்துக்கு நாலு தடவை அந்த மலையில் ஏறி இறங்குகிறவன். எடைமேடை ஜன்னலில் தலையை நீட்டி அவள் வழியனுப்பிய அதே ஆட்கள். ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று அழுகையாக வந்தது.

"மன்னிச்சுடுங்க ண்ணா. நான்..."

"நான் சொல்றேன்னு நீ நம்ப வேணாம் மா" என்று பாவாடை கையை நீட்டித் தடுத்தான். "வாய் வார்த்தைய எவன் நம்புறான் இந்தக் காலத்துல? என் வண்டிய மேடையில ஏத்து. எட போட்டுப் பாரு. கம்மியா இருந்தா அப்ப எழுது, திருடன்னு. எட போடாமலே எழுதுறது இன்னா ஞாயம்?"

டிரைவர்கள் வாயில் தினமும் வருகிற பேச்சுதான் அது. சொல்லிவிட்டு, மதியம் லோடு இருக்கிறது என்று படியிறங்கிப் போய்விட்டான். இலக்கியா மட்டும் எழுந்த இடத்திலேயே நின்றாள்.

ஏற்றுவதற்கு அவளிடம் மேடை எங்கே இருக்கிறது? மூன்று வருஷம் எவன் நீட்டிய சீட்டையும் கையால் தொடாதவள், சொந்த விளையாட்டில் போன் நீட்டிய சீட்டை அப்படியே வாங்கிப் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது செகண்ட் என்று போன் சொன்னது, சர்வர் எழுதிக்கொண்டது. வண்டி நின்றது என்று போன் சொன்னது, இவள் திருடன் என்று எழுதிவிட்டாள். இரண்டும் ஒரே மடத்தனம். இதைக்கூட யோசிக்காமல் எட்டு மாதமாகப் பூட்டு செய்துகொண்டிருந்தோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அன்று மதியமே இருநூற்றுப் பதின்மூன்று பேரையும் உள்ளே விட்டாள். "தவறு என்னுடையது. ஆதாரம் இல்லாமல் திருடர் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இலக்கியா" என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதினாள்.

"இருநூத்தி பதிமூணையுமா? அதுல நெஜத் திருடனும் இருப்பானே டி!" என்றாள் சந்தியா.

"இருப்பான். யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியுற வரைக்கும் எல்லாரும் உள்ளதான் இருக்கணும்."

"ஆடிக்கு மூணு மாசம்தான் இருக்கு."

"தெரியும். மேட கட்டப்போறேன்."

அவள் கட்ட நினைத்த மேடை இப்படி. போன் சொல்லுகிற நேரம் இனி கணக்கில் சேராது. ஸ்டியரிங்கை எந்த நொடியில் எந்தப் பக்கம் திருப்பினார்கள், எப்போது பிரேக் பிடித்தார்கள் என்று கை செய்ததையும் அது அனுப்பட்டும். சர்வரில் அவளுடைய சொந்த லாரி ஒன்று நிற்கும். அந்தக் கையசைவை வாங்கி, அந்த லாரியை அதே மலையில் வெள்ளிமலையிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்கும். எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறதோ அதுதான் நேரம். போனில் இருக்கும் லாரியை எவன் எப்படிப் பிரித்து மேய்ந்தாலும் கவலையில்லை. சர்வரில் நிற்கிற லாரியை அவனால் தொட முடியாது.

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் தன்னுடைய ஓட்டத்தையே மேடையில் ஏற்றினாள். போனில் சமர்த்தாக மில் வாசலில் வந்து நின்ற வண்டி, சர்வரில் எட்டாவது வளைவில் பள்ளத்தில் விழுந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி விழுந்தது. சந்தியாவின் ஓட்டம் புளியமரத்தில் மோதியது. காரணம் தெரிய இரண்டு வாரம் பிடித்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் எண்ணை ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி வெட்டுகிறது. முதல் வளைவில் அது ஒரு மயிரிழை. வளைவுக்கு வளைவு அது பெருத்து, எட்டாவது வளைவில் வண்டியையே தள்ளிவிடுகிறது.

"அஞ்சு செகண்டு முன்ன பின்ன இருந்தா வுட்டுடலாம் டி. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்" என்றாள் சந்தியா.

"அஞ்சு செகண்டு வுட்டா, அந்த அஞ்சு செகண்டுக்குள்ள அவன் மாடி வூடு கட்டிக்குவான்."

விடையும் எடைமேடையிலிருந்தேதான் வந்தது. லாரி மேடையில் கிராம் கணக்கு கிடையாது. எண் பத்துப் பத்து கிலோவாகத்தான் நகரும். காக்காய் உட்கார்ந்தால் ஆடாது. அதே மாதிரி, விளையாட்டில் புள்ளி வைத்த எண் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். வேகம், சரிவு, கிழங்கின் ஆட்டம், சக்கரத்தின் பிடிப்பு எல்லாம் முழு எண்ணில்தான் நடக்க வேண்டும். முழு எண்ணை எந்தப் போனும் வேறு மாதிரி எண்ண முடியாது. அதற்கு லாரியை அச்சாணியிலிருந்து புதிதாகச் செய்தாக வேண்டும். செய்தாள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு வரை தலை நிமிரவில்லை. அம்மா கமலா தினமும் போன் செய்து, "சாப்ட்டியா? அந்த லாரி இன்னும் கீழ வந்து சேரலியா?" என்று கேட்பாள். "ஏழாவது வளைவுல நிக்குது மா" என்பாள் இவள். வைகாசியில் ஏழு, ஆனியில் பத்து. ஆடி பிறந்தபோது வண்டி மில் வாசலைத் தொட்டது.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு, கச்சிராயபாளையத்துக்கு பஸ் ஏறினாள். பாவாடை லோடு ஏற்றும் களத்தில் வேப்பமர நிழலில் இருந்தான். "கண்ணாடி ஒடைஞ்ச உங்க போன்ல ஒரு ஓட்டம் ஓட்டுங்க ண்ணா. இதுல சரியா வந்தா எதுலயும் வரும்" என்றாள்.

ஓட்டினான். ஆறாவது வளைவில் மூன்று செகண்ட் நின்றான். மில் வாசலில் வண்டியை நிறுத்தியதும் போன் ஐந்து நிமிஷம் ஐம்பத்து நாலு செகண்ட், முப்பது புள்ளி என்றது; செகண்டை நூறாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு புள்ளி. இலக்கியா மடியில் இருந்த லேப்டாப்பில் சர்வரின் லாரி மறுபடி மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது. எட்டாவது வளைவில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தாண்டியது. ஐந்து நிமிஷம் ஐம்பத்து நாலு செகண்ட், முப்பது புள்ளி.

"ஒத்துக்கிச்சா?"

"ஒரு புள்ளி பிசகல ண்ணா." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"அதுக்கு ஏம்மா அழுவுற? எட சரியா இருக்குது, அவ்ளோதான?" என்று பாவாடை சிரித்தான்.

ஆடிப் பதினெட்டு வந்தது. மன்னிப்புக் கேட்டது எப்படியோ பரவி, விட்டுப் போனவர்களெல்லாம் வேடிக்கை பார்க்கவாவது திரும்பியிருந்தார்கள். காலை பத்து மணிக்குப் பட்டியல் காலியாகத் திறந்தது. ஒவ்வொரு ஓட்டமும் மேடையில் ஏறி இறங்கிய பிறகுதான் பெயர் விழும்.

பத்தே முக்காலுக்கு மின்னல்99 வந்தான். இந்தத் தடவை நாலு நிமிஷம் ஐம்பத்தைந்து செகண்ட் என்று அவன் போன் சொல்லிற்று. சர்வர் அந்த எண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையசைவை மட்டும் வாங்கித் தன் லாரியை ஓட்டியது. அவன் போனில் சக்கரம் பசை போட்ட மாதிரி சாலையைப் பிடித்திருக்கும். இங்கே அது நாலு டன் கிழங்கு ஏற்றிய சாதாரண லாரி. இரண்டாவது வளைவில் திரும்ப மறுத்து, நேராகக் காட்டுக்குள் போய்க் கவிழ்ந்தது. மேடையில் தேறாமல் கவிழ்ந்த ஓட்டங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சந்தியா ஒரு பக்கம் வைத்திருந்தாள். கிழங்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக உருண்டு போவதை அவள் வரைந்திருந்த அழகுக்கே ஆயிரம் பேர் பார்த்தார்கள். "மின்னலு, கெழங்கு பொறுக்க ஆள் அனுப்பவா?" என்று ஒருவர் எழுத, விளையாட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

இரண்டு மணிக்குப் பந்தயம் முடிந்தது. மின்னல்99 பதினேழு தடவை ஏறிப் பதினேழு தடவையும் கவிழ்ந்திருந்தான். கடைசியில் ஒரு செய்தி அனுப்பினான்: "சூப்பர் அக்கா. அடுத்த வருசம் கைக்குப் பதிலா ரோபோவ வச்சு ஓட்றேன். அப்ப இன்னா பண்ணுவீங்க?"

நியாயமான கேள்விதான். அதற்கு அவளிடம் இன்னும் பதில் இல்லை. "வா. மேடையில ஏறித்தான ஆவணும்" என்று மட்டும் எழுதினாள்.

பட்டியலில் முதலிடம் சங்கராபுரம் இசைவாணி, ஐந்து நிமிஷம் ஐம்பத்தொரு செகண்ட், நாற்பது புள்ளி. இரண்டாவது பாவாடை, ஐந்து நிமிஷம் ஐம்பத்து மூன்று செகண்ட், பத்து புள்ளி. இலக்கியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மனசு கேட்காமல் அவனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, கோயிலாண்ட நிக்காம வந்திருந்தீங்கன்னா நீங்கதான் மொதலு."

"தெரியும் மா. அந்தப் பொண்ணு போன வருசமே ஜெயிச்சிருக்க வேண்டியது, எடுத்துக்கட்டும்." பிறகு கேட்டான். "நான் நின்னது உன் மேடையில விழுந்துச்சா?"

"விழுந்துச்சு ண்ணா. ஆறாவது வளைவு, மூணு செகண்டு."

"அதான் வேணும். என் பொண்ணு தமிழ்மொழி அன்னைக்கு 'அப்பா, திருடன்னு போட்டிருக்குது'ன்னு படிச்சா. இன்னைக்கும் அவளத்தான் படிக்கச் சொன்னேன். ரெண்டாவது பேர் எங்கப்பாதுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு போறா."

இலக்கியா போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இனி முடிவை உறுதி செய்து பட்டனைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. "தட்டேன் டி, எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க" என்றாள் சந்தியா. இலக்கியா தட்டவில்லை. முதல் நூறு ஓட்டத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சர்வரின் எண்ணையும் போனின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வண்டியைச் சுற்றி வந்து, சக்கரம் பார்த்து, கேபினில் தலைகளை எண்ணுகிற மாதிரியே பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நூறும் சரியாக இருந்தன. பிறகு பட்டனைத் தட்டிவிட்டு, நாற்காலியில் முன்னால் சாய்ந்து, திரைக்குள் யாரோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோலக் கழுத்தை நீட்டினாள்.

"சரி, வண்டிய எடு" என்றாள்.